கம்பெனி கொடுத்த பிணம்

"இன்னும் கால் மணி நேரத்துல இந்தச் செத்தவன எந்திரிச்சு ஓட வைக்கேன். பாக்கேளா எசமான்?"

வல்லிநாயகம் இதைச் சொன்னபோது அவர் கையில் விலங்கு இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் பால்வண்ணநாதன் சிரிக்கவில்லை. அவர் கடைசியாகச் சிரித்தது யுத்தம் தொடங்குவதற்கு முன்பு.

"தூக்குக் கயிறு தெரிஞ்சா எல்லாவனும் சித்தர் ஆயிருதான். பேசாம இரும்வே."

1943. ஐந்தருவி. சாரல் ஊசி ஊசியாய் இறங்கியது.

வல்லிநாயகத்தின் ஒரே பஸ்ஸில், கடைசி சீட்டில், சட்டை முழுக்க ரத்தத்தோடு கிடந்தான் சுடலையாண்டி. பத்து வருஷம் அதே பஸ்ஸில் கண்டக்டர். போன மாதம்தான் ஐந்தருவி மோட்டார் கம்பெனி லிமிடெட்டுக்குத் தாவினான்.

கம்பெனி...

மூன்றே வருஷத்தில் பதினேழு பஸ்களை விழுங்கி ஏப்பம் விட்ட கம்பெனி. யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸுக்குப் போடும் கரி அதனுடையது. தென்காசி ஆஸ்பத்திரி டாக்டர் அதனுடையவர். அருவிக்கு மட்டும்தான் இன்னும் டிக்கெட் போடவில்லை!

பதினெட்டாவது பஸ் வல்லிநாயகத்தினுடையது. அவர் விற்க மறுத்தார். இன்று காலை அதில் பிணம்.

கம்பெனி மானேஜர் வேல்சாமி குடையோடு வந்து வல்லிநாயகத்தின் காதருகே குனிந்தார்.

"அண்ணாச்சி, பஸ்ஸையும் பெர்மிட்டையும் எழுதிக் குடுத்திருங்க. கொலை, ஆக்சிடென்ட் ஆயிரும். எங்க டாக்டர் சொன்னாச் சொன்னதுதான்."

"எழுதலைன்னா?"

"ரெண்டு மாசத்துல தூக்கு. பஸ் அப்பவும் எங்களுக்குத்தான்."

முன்னால் போனால் கம்பெனி. பின்னால் போனால் கயிறு.

ஆனால் வல்லிநாயகம் ஒன்றைப் பார்த்திருந்தார். பிணம் எச்சில் விழுங்கியது!

"எசமான், அவன் மூக்கப் பிடிச்சுப் பாருங்க."

"தொடக்கூடாது," வேல்சாமி ஒரு காகிதத்தை நீட்டினார். "டாக்டர் சர்டிபிகேட் இருக்கு. டைப் அடிச்சது."

டைப் அடித்த காகிதத்துக்கு முன்னால் பால்வண்ணநாதன் அட்டென்ஷனில் நிற்பவர். "செத்தவன் செத்தவன்தான். தென்காசி ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடும்வே."

கரி பஸ்ஸை ஓட்ட வேறு ஆளில்லை. விலங்கின் ஒரு வளையத்தைக் கழற்றி ஸ்டியரிங்கில் பூட்டினார்கள். இனி பஸ் எங்கே விழுந்தாலும் வல்லிநாயகமும் அங்கேதான்.

பஸ் கிளம்பியது. முதல் மேடு. பஸ்ஸின் முதுகில் இருந்த கரி அடுப்பு இருமியது. பாதி மேட்டில் என்ஜின் நின்றது.

வல்லிநாயகம் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வளைவு. வளைவுக்குக் கீழே பாறைப் பள்ளம்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

பஸ் பின்னோக்கி உருண்டது...

"ஏலே, பிரேக்க மிதி!" பால்வண்ணநாதன் கம்பியைக் கட்டிக்கொண்டார். வேல்சாமி குலதெய்வங்களை வரிசையாகக் கூப்பிட்டார்.

பத்து கஜம்... ஐந்து கஜம்...

வல்லிநாயகம் அடிவயிற்றிலிருந்து கத்தினார். பத்து வருஷமாக ஒவ்வொரு மேட்டிலும் கத்திய அதே கத்தல்.

"சொடலை... கட்டையப் போடுலே!"

பிணம் எழுந்தது.

சீட்டுக்கு அடியிலிருந்த கட்டையை உருவியது. குதித்தது. ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு அடியில் செருகியது. பஸ் குலுங்கி நின்றது, பள்ளத்துக்கு ஒரு சாண் முன்னால்!

"போட்டாச்சு அண்ணாச்சி... ரைட்!" என்றான் சுடலையாண்டி.

அப்புறம்தான் தான் செத்துப்போனது அவனுக்கு ஞாபகம் வந்தது. மெல்லப் படுக்கப் பார்த்தான்.

"படுக்காதலே," என்றார் பால்வண்ணநாதன், வேர்வையைத் துடைத்தபடி. "அது யாரு ரத்தம்?"

"கோழி, ஐயா. மானேஜர் வீட்டுக் கோழி."

விலங்கு கை மாறியது. வேல்சாமி திமிறினார். "செத்தவன் எந்திரிச்சான்னு ரிப்போர்ட் எழுதுவீரா? எவன் நம்புவான்?"

"நானே நம்பலவே. ஆனா என் ரெண்டு கண்ணால பாத்தேன், செத்தவன் எந்திரிச்சான். உங்க கம்பெனிக்காக எந்திரிக்கல... பழைய மொதலாளி கூப்பிட்டாருன்னுல்லா எந்திரிச்சான்!"