முடியாது என்று எழுதிக் கொடுத்தவள்

"என் அப்பாவைப் பார்த்துக்க உங்களால முடியாதாமே அண்ணி?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள் நாத்தனார். காலை எட்டு மணி. அடுப்பில் பால் பொங்கும் நேரம். மருமகள் பாலைப் பார்ப்பதா, நாத்தனாரின் முகத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் கரண்டியும் கையுமாக நின்றாள்.

"அண்ணனோட முகாம்லேர்ந்து போன் பண்ணி என்னையே கேட்கிறாங்க. 'மருமகளால முடியலைன்னு எழுதியிருக்கு, நீங்க பார்த்துப்பீங்களா'ன்னு. ரோட்டுல நின்னுட்டிருந்தேன் அண்ணி. கூசிப்போச்சு..."

அவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பதில் சொல்ல வேண்டியவன் பின்கட்டில் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவள் புருஷன் ராணுவத்தில் சமையல்காரன். இருநூறு பேருக்கு அரை நாளில் ஆக்கிப் போடுவான். வீட்டில் நாலு பேருக்கு ஆக்கச் சொன்னால் தெருவுக்கே காணும். ஒப்பந்தப்படி இன்னும் மூன்று வருஷம் பாக்கி. போன விடுமுறையில் வந்தவன், மாடிப்படியில் தண்ணீர் வாளியோடு மயங்கிக் கிடந்த பெண்டாட்டியைத் தூக்கினான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டான், இனி பட்டாளம் வேண்டாம் என்று.

ஆனால் பட்டாளத்தில் சேருவது சுலபம். வெளியே வருவதற்குத்தான் வழி தேட வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் அடுக்களையில் குசுகுசுவென்று ஒவ்வொன்றாக எடைபோட்டார்கள். திரும்பிப் போகாமலே இருந்துவிட்டால்? "அப்புறம் நீங்க பரண்மேல ஒளிஞ்சிருப்பீங்க, நான் மேல சாப்பாடு வீசணும்" என்று அவள் தள்ளிவிட்டாள். உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போனால்? அவனோடு வேலை பார்த்த ஒருத்தன் காது கேட்கவில்லை என்று நடித்து, சாப்பாட்டு மணி அடித்ததும் முதல் ஆளாகத் தட்டோடு வந்து நின்று மாட்டிக்கொண்டான். அதுவும் உதவாது. மிஞ்சியது ஒன்றுதான். வீட்டில் கவனிக்க ஆளில்லாத நோயாளி இருந்தால், விசாரித்துப் பார்த்து முன்கூட்டியே விடுவிப்பார்கள்.

நோயாளி இருந்தார். மாமனாருக்கு இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லை. ஆனால் கவனிக்க ஆளும் இருந்தது. அதுதான் சிக்கல்.

"என்னால முடியாதுன்னு எழுதுங்க" என்று சொன்னது அவள்தான். அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அவளே எடுத்து அவன் கையில் திணித்தாள். பெயர் கெட்டால் கெடட்டும், மனுஷன் வீடு வந்து சேர்ந்தால் போதும். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் பேசிக்கொண்டார்கள். அதுதான் இப்போது வாசலில் வந்து நின்று அழுகிறது.

விசாரணைக்காக மறுபடி விடுமுறையில் வந்திருந்த புருஷன் ஈரக் கையோடு ஓடிவந்து தங்கையிடம் நடந்ததைச் சொன்னான். நாத்தனார் நம்பவில்லை. அண்ணிக்காக அண்ணன் கட்டும் கதை என்றே நினைத்தாள். விசாரிக்க இன்று அதிகாரி வருகிறாராமே, வரட்டும், நேரிலேயே பார்க்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. இறங்கியது ஒரு பெண் அதிகாரி. கூடமெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தவர் புருவம் மெல்ல உயர்ந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் பழக்கதோஷத்தில் புருஷன் விடியற்காலையிலேயே எழுந்து வீட்டை முகாம் மாதிரி ஆக்கியிருந்தான். தரையில் முகம் பார்க்கலாம். செருப்புகள் அணிவகுத்து நின்றன. மாமனாரின் போர்வையில் ஒரு சுருக்கம் இல்லை. மாத்திரை டப்பாக்கள் உயர வரிசையில் நின்றன. போதாக்குறைக்கு அவளும் தன் பங்குக்கு மாமனாருக்கு முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிவிட்டிருந்தாள். கவனிக்க ஆளில்லாத கிழவராம்! மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

புருஷனும் அதைப் புரிந்துகொண்டான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. விறைப்பாக சல்யூட் அடித்து நின்றான். வேறென்ன செய்வான்?

அதிகாரி கட்டிலருகே உட்கார்ந்தார். சாப்பாடு, மருந்து, குளியல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாமனார் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று மகன் மூன்று முறை சொல்லி வைத்திருந்தான். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து கத்திய தொண்டை, அடைத்துக்கொண்டு தவித்தது.

"பெரியவரே, உங்க மருமகளால உங்களைக் கவனிக்க முடியலைன்னு எழுதியிருக்கு. அப்படித்தானா?"

அவ்வளவுதான்.

"எந்த மடையன் எழுதினான்?"

மடையன் பக்கத்திலேயே அட்டென்ஷனில் நின்றான்.

"அம்மா, நீங்க படிச்சவங்க, நல்லாக் கேட்டுக்குங்க. நான் படுத்து நாலு வருஷமாச்சு. முதுகுல ஒரு புண்ணு காட்டுங்க பார்ப்போம். என் பொண்ணு இதோ உட்கார்ந்திருக்கா. வருவா, அழுவா, போவா. தப்பு சொல்லலை, அவளுக்கும் குடும்பம் இருக்கு. ஆனா அசிங்கத்தைத் துடைச்ச கை இந்தக் கை." மருமகளின் கையை எட்டிப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "ஒருநாள் மூக்கைச் சுளிச்சதில்லை. இவளாலயா முடியாது?"

நாத்தனார் தலை குனிந்திருந்தாள். புருஷன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் வீடு திரும்பும் கதவை அப்பாவே சாத்திவிட்டார்.

அதிகாரி அவளிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. முடியுமா, முடியாதா?"

ஒரே ஒரு பொய். இப்போது சொன்னால்கூடப் பிழைத்துவிடலாம். மாமனார் அவள் கையை இன்னும் விடவில்லை.

"முடியும் மேடம்..." குரல் உடைந்தது. "முடியும்கிறதாலதான் என்னை யாரும் எதுவும் கேட்கலை. செஞ்சுக்கிட்டே இருக்கேன். ஆனா தனியா முடியலை மேடம். இவரைத் தூக்கிப் புரட்டி என் இடுப்பு போச்சு. படியில விழுந்தேன். இதையும் எழுதிக்குங்க."

அதிகாரி அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு, ஆளில்லை என்று தன்னால் எழுத முடியாது, அதனால் விடுவிப்பு கிடைக்காது என்று நேராகவே சொன்னார். புருஷனின் தோள் இறங்கியது. ஆனால் பக்கத்து ஊர் முகாமுக்கு ஒரு சமையல்காரன் வேண்டும் என்றும், குடும்பச் சூழ்நிலையைக் காட்டி மாற்றத்துக்குத் தானே பரிந்துரைப்பதாகவும் சொன்னார். அங்கிருந்தால் தினம் வீட்டுக்கு வந்துபோகலாம். மிச்ச வருஷங்களை அங்கேயே முடிக்கலாம்.

வாசல்வரை போனவர் புருஷனைப் பார்த்துத் திரும்பினார். "அடுத்த தடவை நாங்க வரும்போது வீட்டைக் கொஞ்சம் கலைச்சு வை."

ஜீப் போனதும் மாமனார் மெதுவாகக் கேட்டார். மகன் வீட்டுக்கே வந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினார்கள் என்பதை அதற்குள் அவர் புரிந்துகொண்டிருந்தார்.

"கெடுத்துட்டேனாம்மா?"

"இல்ல மாமா."

"அவன் வரணும்னு எனக்கு ஆசையில்லையா? ஆனா உன்னைக் கெட்டவளாக்கி அவன் வரவேணாம்மா."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நாத்தனார் வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "வாசல்ல நின்னு என்னவெல்லாம் கேட்டுட்டேன் அண்ணி... திருப்பி ரெண்டு வார்த்தை திட்டிடுங்க, இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது." தான் தினமும் மதியத்துக்கு மேல் வருவதாகவும், அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க அண்ணியே கற்றுத்தர வேண்டும் என்றும் சொன்னாள்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்று பேரையும் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து தனக்கென்று எதையும் கேட்டிராதவள், தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நான் கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

புருஷன் பாயை உதறினான். நாத்தனார் ஜன்னலைச் சாத்தினாள். மாமனார் தன் தலையணையை உருவி நீட்டினார்.