பெயர் எழுதாத பொட்டலம்

2019 அக்டோபர் 12, சனிக்கிழமை. அபிதெமியிடம் கொடுக்கப்பட்ட பொட்டலத்தில் இருந்த மயிர் அவளுடையது அன்று. நைஜீரியாவின் இபாதான் நகரில் அது சிறு பிழையும் அன்று. மயிரை வைத்துச் சூனியம் செய்துவிடுவார்கள் என்ற அச்சத்தில், மழித்ததைப் பிறர் கையில் விட்டுவிட்டு வருபவர் அவ்வூரில் இல்லை; வீட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். ஆகையால்தான், போடிஜாப் பகுதியில் இருந்த அந்த மயிர் நீக்கும் லேசர் சிகிச்சை நிலையத்தில், மழித்ததைக் காகிதத்தில் மடித்து உரியவரிடமே ஒப்படைத்தனர். காகிதத்தின்மேல் பெயர் எழுத மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று காலை அவளுக்கு முன்னால் ஒரு முதியவள் அமர்ந்திருந்தாள். கற்பூரத் தைலமும் மூக்குப்பொடியும் கலந்த வாடை. தாடையில் நரைமயிர் சுருண்டு தொங்கியது. வெற்றுவாயை மென்றுகொண்டே இருந்ததால் அதுவும் அசைந்துகொண்டே இருந்தது. அபிதெமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் தாடையிலும் மயிர் உண்டு என்பதே அவளுக்கு அருவருப்பு. இன்னும் இரண்டு வாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள். அவள் மண்டியிட்டதும் அவ்வீட்டுப் பெண்கள் அவள் முகத்தை ஏந்தி வாழ்த்துவார்கள்.

"வெள்ளை முடிக்கும் இது கேக்குமா, பொண்ணே?" என்றாள் முதியவள்.

"வெள்ளை முடி லேசரோட கண்ணுக்கே தெரியாது, பெரியம்மா. சும்மா மழிச்சு விடறேன்," என்றாள் நர்ஸ் இயாபோ.

"அப்போ என்னைய யாராலயும் அழிக்க முடியாதுன்னு சொல்லு." முதியவள் சிரித்தபடியே அபிதெமியைப் பார்த்தாள்.

அடுத்து அபிதெமியின் முறை.

"வலிக்குமா?"

"ரப்பர் பேண்டைச் சுண்டின மாதிரி இருக்கும், அக்கா. பிரசவ வலின்னு நெனச்சீங்களா?"

"கருப்புத் தோலு வெந்துடாதே?"

"நம்ம தோலுக்குன்னே தனி மிஷின். பத்து, பதினாலு நாள்ல வேர் தானா உதிரும். ஆனா ஒண்ணு, இடையில பிடுங்கவே கூடாது."

இயாபோ மழித்து முடித்தாள். ஒளி வெட்டியது. ஒவ்வொரு வெட்டுக்கும் மயிர் கருகும் நாற்றம் எழுந்து, நாக்கின்மேல் எண்ணெய்ப் படலம்போல் அமர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துப் பொட்டலத்தைக் கவிழ்த்தாள். விழுந்தவை வெள்ளைச் சுருள்கள். கை பின்வாங்குவதற்குள் அவை சுருண்டு, பொரிந்து, கற்பூர நெடியோடு அவள் மூக்கினுள் புகுந்தன. அடுப்பை அணைத்துவிட்டு மூக்கைக் கழுவினாள்.

பத்தாம் நாள். துருவேறிய கூரைத் தகரங்கள் வெயிலில் முறுகும் ஓசையும், பக்கத்து வீட்டு ஜெனரேட்டரின் இரைச்சலும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த நண்பகலில், குளியலறைக் கண்ணாடிமுன் நின்று தாடையைத் தடவினாள். கரிய வேர்கள் மிளகுத்தூள்போல் விரலோடு வந்தன. தாடை வழவழத்தது. நடுவில் மட்டும் ஒரு கொப்புளம். அதன் மஞ்சள் முனையில் ஒரு வெள்ளை மயிர்.

யாரோ மென்றுகொண்டிருப்பதுபோல் அது அசைந்தது. அவள் வாயோ மூடியிருந்தது.

இயாபோவைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன், அக்கா. பொட்டலம் மாறிப்போச்சு. உங்களோடது அந்தப் பெரியம்மாகிட்ட இருக்கு. எரிக்காம பத்திரமா வெச்சிருக்காங்களாம். அவங்களோடதக் குடுத்தா உங்களோடதத் தர்றேங்கறாங்க."

"நான் எரிச்சுட்டேனே, இயாபோ."



"அதையும் கேட்டாங்க, அக்கா. எரிச்சிருந்தா இந்நேரம் முளைச்சிருக்கும்னாங்க."

அழைப்பைத் துண்டித்தாள். சனிக்கிழமை அந்தப் பெண்கள் வருவார்கள். இந்தத் தாடையைத் தொடுவார்கள். இடுக்கியை எடுத்தாள். பிடித்தாள். இழுத்தாள்.

கொப்புளம் உடைந்து சீழ் வழிந்தது. மயிர் வந்தது. விரல் நீளம். முழ நீளம். ஈரமாக, கொழகொழவென்று, மூக்குப்பொடித் துகள்கள் ஒட்டியபடி. நாக்கின் அடியில் ஏதோ பிரிந்து பிரிந்து நழுவியது.  நிறுத்தவில்லை. முழங்கையில் சுற்றிச் சுற்றி இழுத்தாள். முடிவே இல்லை.

பிறகு, நின்றது.

ஏதோ பிடித்திருந்தது. மயிர் விறைத்தது. கற்பூர வாடை. தன் தொண்டைக்குள்ளிருந்து.

மயிரின் மறுமுனை மெல்ல ஒருமுறை சுண்டிப் பார்த்தது. பிறகு உள்நோக்கி இழுக்கத் தொடங்கியது.

முழங்கையில் சுற்றிய மயிர் இறுகியது. கை தாடையை நோக்கிப் போயிற்று. விரல் நுனிகள் கொப்புளத்தைத் தொட்டன. கொப்புளம் வாயைப்போல் திறந்தது.

வாசகரே, உம்முடைய தாடையை இப்போதே தடவிப் பாரும். வெள்ளையாக ஒன்று தட்டுப்பட்டால், இழுக்காதீர்.