மதினியின் பெருவிரல்

"கை வச்சியா, வைக்கலையா? அதை மட்டும் சொல்லு மதினி!"

விடிந்தும் விடியாத அந்த வேளையில் ருக்கு போட்ட சத்தம் தாராவிச் சந்து முழுக்கக் கேட்டிருக்கும். இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்கிய கையோடு பேச்சியம்மாள் அப்படியே நின்றாள். ஆவி முகத்தில் அடித்தது. வாசலில் அவள் புருஷன் செல்வம் சைக்கிள் கேரியரில் சாம்பார்த் தூக்கைக் கட்டிக்கொண்டிருந்தான். மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் ஆபீஸ் கூட்டம் கலைவதற்குள் போய் நிற்கவேண்டும். அந்த அவசரத்திலும் அவன் முடிச்சை விட்டுவிட்டுத் தங்கை ருக்குவின் பேச்சைக் கேட்டான்.

முந்தின நாள் சாயங்காலம் செம்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததிலிருந்தே அந்த வீட்டில் யாருக்கும் நிலைகொள்ளவில்லை. ருக்குவுக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன். கைக்காசு போடாமல், அரசாங்கக் காப்பீட்டிலேயே செய்துகொள்ள எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. காப்பீடு நிற்பது ரேஷன் கார்டை நம்பி. அந்தக் கார்டுதான் முடங்கிக் கிடக்கிறது என்றார்கள் போனில். குடும்பத் தலைவியின் கைரேகை பதிவாகவேயில்லையாம். இன்று மதியத்துக்குள் சரிசெய்யாவிட்டால் ருக்குவுக்கு ஒதுக்கிய கட்டில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பிறகு எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்லத் தயாரில்லை.

மாமியார் போனபின், வீட்டில் மூத்த பெண் என்று கார்டில் தலைவியாக ஏறியவள் பேச்சியம்மாள்தான். தலைவியாம் தலைவி! அடுப்படியில் குந்த ஒரு பலகை கிடையாது.

"வச்சேன் ருக்கு... கடைக்குப் போயி வச்சேன்."

"வச்சா, பதிவாகலன்னு ஏன் சொல்லுதாவ? கம்ப்யூட்டரு பொய் சொல்லுதா, நீ சொல்லுதியா?"

பேச்சியம்மாள் இட்லித் தட்டைக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து, சுடச்சுட ஈரத்துணியை விரல் நுனியால் உரிக்க ஆரம்பித்தாள். வாய் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று தெரியும்.

"பதில் சொல்லேன் பேச்சி! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று செல்வம் கத்தினான்.

"எப்படிண்ணே சொல்லுவா? நான் எந்திரிச்சு நடந்துட்டா நாளைக்கு ஒருத்தன் கட்டிக்கிட வருவான். அப்புறம் இந்த வீட்டை இடிச்சுட்டுக் கட்டித் தாரேங்காவளே, அதுல எங்க அம்மா பங்கைக் கேப்பேன்லா! அந்தப் பயம்!" ருக்குவுக்கு மூச்சு வாங்கியது. "அன்னைக்கு அடுப்பைப் பிடுங்கின... இன்னைக்கு என் காலைப் பிடுங்குத!"

துணி பாதி உரிந்தபடியே நின்றது.

அடுப்பு விவகாரம் பழசு. பிறக்கும்போதே இடுப்பு மூட்டு விலகிப் பிறந்தவள் ருக்கு. உட்கார்ந்து செய்கிற வேலை என்று அவளைத்தான் மாமியார் இட்லி அடுப்பில் வைத்திருந்தாள். பேச்சியம்மாள் வாழவந்த புதிதில் ஒருநாள் கொப்பரை சாய்ந்தது. சட்டென்று எழுந்து விலக ருக்குவால் முடியவில்லை. கொதிநீர் அவள் பாவாடை ஓரத்தை நனைத்துக்கொண்டு ஓடியது, மயிரிழையில் தப்பினாள். அன்றே புதுமருமகள், "இனி ருக்கு அடுப்புக்கிட்ட வரக்கூடாது, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். சின்னவளுக்கு அது வேறு மாதிரி விளங்கியது. வந்தவள் வீட்டை வளைத்துப்போட்டாள் என்று மனசில் ஒரு முள்ளை வைத்துக்கொண்டாள். அந்த முள் இத்தனை வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

"ஏங்க... நீங்களாவது என்னை நம்புங்க..."

"நம்புதேன், நம்பல... அதெல்லாம் அப்புறம். நீயே அவளைக் கூட்டிட்டுப் போ. கார்டு திறக்காம இந்த வாசலை மிதிக்காத!"

சொல்லிவிட்டுச் செல்வம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். கோபத்தில் சட்னி வாளியைக்கூட மறந்துவிட்டுப் போனான். சட்னி இல்லாமல் இட்லி விற்கப் போகிற மனுஷனைப் பார்த்து வேறொரு நாளாக இருந்தால் பேச்சியம்மாள் சிரித்திருப்பாள்.

சந்துக்குள் ஆட்டோ வராது. எப்போதும்போல் பேச்சியம்மாள் முதுகைக் குனிந்து கொடுத்தாள். சந்துக்கோடிக் கக்கூசுக்கும் சரி, டாக்டரிடமும் சரி, ருக்கு போவது இந்த முதுகில்தான். தினம் கழுத்தைக் கட்டிக்கொள்கிறவள் இன்று சேலைத் தலைப்பின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். கனம் என்னவோ இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆட்டோ சயான் நெரிசலில் நகராமல் நின்றது. ருக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். பேச்சியம்மாள் மடியில் கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மூடி வைத்திருந்தாள்.

அவள் பொய் சொல்லவில்லை. ரேஷன் கடைக்குப் போனாள், கை வைத்தாள். பெருவிரல், ஆள்காட்டி விரல், எல்லா விரலும் வைத்துப் பார்த்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. அடுத்த முறை எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டு போனாள். அதற்கடுத்த முறை தேங்காய் எண்ணெய். யாரோ சொன்னார்கள் என்று கால் தேய்க்கிற கல்லால் நுனியைத் தேய்த்துவிட்டுப் போனது மகா முட்டாள்தனம். இருந்த கொஞ்சமும் போயிற்று. அன்று கடைக்காரன் சிரித்துக்கொண்டே, "மிஷினுக்கு உன்னை அடையாளம் தெரியலையாம்! ரொம்ப வராதே, போலி ஆளுன்னு கார்டையே வெட்டிருவாங்க" என்று இந்தியில் சொன்னான். அவனுக்கு அது விளையாட்டு. இவள் அதன்பிறகு அந்தக் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வீட்டில் சொல்லியிருக்கலாம்தான். எப்படிச் சொல்வது? போன வருஷம் ஒருநாள், "எனக்காக நீ ஓடா உழைக்கது போதும் மதினி, எனக்கு ஒரு ஆபரேஷனும் வேண்டாம்" என்று ருக்கு தன் ஊனமுற்றோர் அட்டையைத் தூக்கி வீசியவள். உன் அடுப்புதான் என் ரேகையைத் தின்றது என்று சொன்னால் அந்தப் பிடிவாதக்காரி கட்டிலில் ஏறுவாளா? மாட்டாள். ஆகவே இவள் வாயை மூடிக்கொண்டாள். எப்படியும் கடைசி நேரத்தில் ஏதாவது வழி பிறக்கும் என்று அம்மனை வேண்டிக்கொண்டாள். அந்தக் கடைசி நேரம் இதோ, வந்தே விட்டது!

ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் சஃப்ரீன் என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். அவளும் தாராவிக்காரிதான். தமிழும் இந்தியுமாக ஒரே மூச்சில் நாலு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, கார்டு பந்த்னு காட்டுது, மூடிக் கிடக்கு. தலைவி நீங்கதானே? இங்கே அங்கூட்டா, பெருவிரலை வைங்க, பார்ப்போம்."

பேச்சியம்மாள் கைகளைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பாத்தியா! பாத்தியா! எல்லாரும் பாருங்க, வைக்கமாட்டேங்கா!" ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலியிலிருந்து எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள் ருக்கு. "இங்க கொண்டா கையை!"

பெருவிரல் கண்ணாடியில் அழுந்தியது. சிவப்பு.

"அழுத்தி வை மதினி! வேணும்னே லேசா வைக்க!"

மறுபடி சிவப்பு. ருக்கு தன் பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினாள். நகம் வெளுத்தது. மறுபடியும் சிவப்புதான். பின்னால் வரிசையில், "ஜல்தி கரோ நா!" என்று யாரோ அவசரப்படுத்தி முணுமுணுத்தார்கள். ஈரமாக இருக்கும் என்று நினைத்து ருக்கு அந்த விரலைத் திருப்பித் தன் முந்தானையால் துடைக்கப் போனாள்.

துடைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விரல் நுனியில் ஒன்றுமில்லை. ஒரு கோடு, ஒரு சுழி இல்லை. தேய்ந்த சோப்புத் துண்டுபோல் வழுவழுவென்று மின்னியது. அடுத்த விரலைத் திருப்பினாள். அடுத்ததை. மற்றக் கையையும் இழுத்துப் பார்த்தாள். தினமும் தன் தலையைப் பின்னிவிடுகிற கை. முதுகு தேய்த்துவிடுகிற கை. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. பக்கத்தில் ருக்குவின் பெருவிரல் இருந்தது. அதில் வட்டம் வட்டமாக ரேகை, வரைந்து வைத்ததுபோல்.

"மதினி... எங்க போச்சு இதெல்லாம்?"

"ஒண்ணுமில்ல தாயி... ஆவியில துணி உரிச்சு உரிச்சு... அது அப்படித்தான்."

"நான்லா உக்காந்திருந்தேன் அந்த அடுப்புல! எனக்குன்னு இருந்த சூடுலா இது!" ருக்கு அந்தக் கைகளை விடவில்லை. "ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா நீ ஆபரேஷன் வேண்டாம்பே. அதுபோக, கார்டை வெட்டிருவாவன்னு கடைக்காரன் சொன்னான்... பயந்துட்டேன் ருக்கு. எனக்கு என்ன தெரியும்?"

"ஐயோ மதினி! பேசக்கூடாத பேச்செல்லாம் பேசிட்டேனே... வீட்டுக்குப் பங்கு, அது இதுன்னு... என் நாக்கு அழுகாதா!"

அந்த மொழுக்கென்ற விரல்களை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு ருக்கு அழுதாள். பேச்சியம்மாள் அவளை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

சஃப்ரீனுக்குத்தான் மணி ஓடியது. "ஆன்ட்டி, கை வரலைன்னா முகம் வச்சுப் பண்ணலாமே! யாரும் சொல்லலையா?"

யார் சொன்னார்கள்? ஒருத்தரும் சொல்லவில்லை.

சஃப்ரீன் போனை நீட்டினாள். "கேமராவைப் பாருங்க. வட்டம் வந்ததும் ஒரு தடவை கண்ணை மூடித் திறங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றால் போன் முகத்தை எடுக்கவில்லை. துடைத்தால் மறுபடி வழிந்தது. "ரோனா நஹி ஆன்ட்டி! அழாதீங்க, ப்ளீஸ், மதியம் ஆயிடும்!" என்று சொல்லச் சொல்ல இன்னும் வழிந்தது. இத்தனை வருஷம் அடுப்புப் புகையின் மேல் பழி போட்டு மறைத்த கண்ணீரெல்லாம் இந்தக் கவுண்டரில் வந்து நிற்பேன் என்றது.

"நான் பிடிக்கேன், குடுங்க," என்று ருக்கு போனை வாங்கினாள். இன்னொரு கையால் மதினியின் கண்ணையும் கன்னத்தையும் அழுந்தத் துடைத்துவிட்டாள். "இங்க பாரு மதினி. என்னைப் பாத்த மாதிரி பாரு. நீ அழுதா நான் எப்படி நடக்க?"

பேச்சியம்மாள் பார்த்தாள். போனுக்குப் பின்னால் மூக்குச் சிவந்த முகம் ஒன்று அவளையே பார்த்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள்.

பச்சை!

"ஹோ கயா! ஆயிடுச்சு!" என்று சஃப்ரீன் கூவினாள். சற்றுநேரத்தில் கார்டும் திறந்தது. பேப்பர்கள் மேலே போயின. கட்டில் ருக்குவுக்கே என்று பதில் வந்தபோது மதியத்துக்குக் கொஞ்சம் பாக்கி இருந்தது.

ருக்கு அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, கார்டு திறந்தாச்சு. மதினி வாசலை மிதிப்பா, நீ வழி விட்டு நில்லு. வரும்போது அடுப்படிக்கு ஒரு பலகை வாங்கிட்டு வா. நாளையிலருந்து துணி உரிக்கது நீ. ஏன்னு கேக்காத, வந்து அவ கையைத் திருப்பிப் பாரு, தெரியும்!"

பிறகு வார்டுக் கட்டிலில் ஏற்றும்போது, பேச்சியம்மாளின் கழுத்தை இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டு, "நான் மட்டும் எந்திரிச்சு நடந்துட்டேன்னா, நானே அடுப்புல நிப்பேன் மதினி" என்றாள்.

"நிப்பே, நிப்பே... அடுப்புப் பக்கம் வந்தே, புதுக் காலுன்னும் பாக்கமாட்டேன், ஒடிச்சிருவேன்!"

கட்டிலுக்குக் கட்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள்.