மூன்றாவது டிரம்மும் நாறியது

"மறுபடியும் நாறுது!"

அம்மா டிரம்மின் மூடியைப் பட்டென்று மூடினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

அம்மா மருத்துவர். வீட்டின் முன்னறைகளில்தான் அவருடைய சின்னக் கிளினிக். காயம் துடைத்த பஞ்சையும் கட்டுத்துணியையும் முதலில் நீராவியில் நன்றாகச் சூடாக்குவார், நோய்க்கிருமிகள் செத்துவிடும். பிறகு கொல்லையில் இருக்கும் டிரம்மில் காய்ந்த இலையோடு போட்டு, நுண்ணுயிர் கலந்த தண்ணீரைத் தெளிப்பார். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் தின்று உரமாக்க வேண்டும்.

எங்கே தின்றன? இது மூன்றாவது டிரம்.

"மாடி வீட்டுக்காரர் தினமும் மூக்கைப் பொத்திக்கிட்டு சண்டைக்கு வர்றார். போதும்டா சாமி! ஞாயித்துக்கிழமை இதைத் தூக்கிப் போட்டுடறேன்."

வாண்டுவுக்கு அழுகையே வந்தது. வாண்டு அம்மாவின் பத்து வயது மகள். அம்மா எவ்வளவு ஆசையாக ஆரம்பித்த வேலை! டிரம்மைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் அன்று பள்ளி விட்டு வந்ததும் கொல்லைப் படியில் உட்கார்ந்து பார்த்தாள். கொசு கடித்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி; கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். சோப்பைக் கழுவிவிட்டுத்தான் கையையே கழுவுவார், அப்படியொரு சுத்தம்! கையில் பினாயில் பாட்டில். மூடியைத் திறந்து கடகடவென்று டிரம்முக்குள் ஊற்றினார்.

"மாமா! என்ன பண்றீங்க?"

"நாத்தம் போகணும்ல? தினமும் ஊத்தறேன், சனியன் போகவே மாட்டேங்குது!"

கிளினிக் முழுக்கவே பினாயில் வாசனைதான். யாருக்குச் சந்தேகம் வரும்? வாண்டு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ மாமா! உள்ள இருக்கிற கிருமியெல்லாம் செத்துப்போயிடுமே!"

"அதுக்குத்தானே ஊத்தறேன்!"

"அதுங்கதான் வேலை செய்யணும். நல்ல கிருமி, மாமா."

"கிருமியில என்னடி நல்லது, கெட்டது?"

"பால் எப்படித் தயிராகுது? அதுவும் கிருமி பண்ற வேலைதான்."

மாமா மத்தியானம்தான் ஒரு கிண்ணம் தயிர் சாப்பிட்டிருந்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்காகிட்ட சொல்லிடாத. கொன்னே போட்டுடுவா."

"நீங்களே சொல்லிடுங்க. நானும் கூட வர்றேன்."

மாமா சொன்னதைக் கேட்ட அம்மா, வீணானதை விரல் விட்டு எண்ணினார். "மூணு டிரம்டா!" என்றார் கடைசியில். "மூணு டிரம்!"

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா," என்று வாண்டு கெஞ்சினாள்.

நான்காவது டிரம் நிறைந்தது. மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. முகர்ந்து பார்ப்பார், பாட்டிலைத் தேடுவார். வாண்டு அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்தாள்.

"நாத்தம் வந்தா, கொல்லையைப் பெருக்கி காஞ்ச இலையை மேல போடுங்க. அடங்கிடும்."

கொல்லை பளிச்சென்று ஆனது. உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்யத் தொடங்கியதில் டிரம் மெல்லச் சூடேறியது. மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வருவதையே மறந்துபோனார்.

சில மாதங்கள் கழித்து, அம்மா மூக்கைப் பொத்தியபடியே மூடியைத் திறந்தார். பிறகு மெதுவாகக் கையை எடுத்தார். உள்ளே கறுப்பாக, பொலபொலவென்று உரம். மழை நனைத்த மண்ணின் வாசனை!

சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, பயமில்லை என்று தெரிந்த பிறகு ரோஜாச் செடிகளுக்குப் போட்டார்கள். மாமா வெறும் கையாலேயே அள்ளினார்.

"மாமா, நகமெல்லாம் மண்ணு! சோப்பு கொண்டு வரட்டுமா?"

"இரு, இரு," என்றார் மாமா, அடுத்த செடிக்கு நகர்ந்தபடி. "அப்புறம் கழுவிக்கலாம்."