ஜீப் கூரையில் ஐந்து ஓட்டைகள்

"பெட்டியோட நீ போனதைப் பார்த்த ஆள் இருக்காங்கடா! இன்னும் என்ன சாதிக்கிறே?"

"காலிப் பெட்டிண்ணே! பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு அட்டையில பாலம் செய்யணும்னு கேட்டா."

"பாலமா? என் தலைமேல ஏறி நடக்கவா?"

மதியம் இரண்டு பத்து. ஷெட் முதலாளி கத்தினார்; ஒயர்மேன் அழாத குறை. நடுவில் மாட்டு டாக்டரம்மாவின் ஜீப் மொட்டைத் தலையோடு நின்றது. காலையெல்லாம் உழைத்து அதன் கூரையில் பொருத்திய நான்கடி நீள லைட் பார் விளக்கைக் காணோம்.

பார்த்த ஆள் வேறு யாருமில்லை, பக்கத்துக் கடை தையல் அக்காதான். அவள் மெஷின் ஜன்னலைப் பார்த்துத்தான் கிடக்கும். கண்ணுக்குக் காற்று வேண்டுமாம். "ஒரு மணி இருபதுக்கு ஒயர்மேன் அந்த விளக்கு வந்த நீளப் பெட்டியை ஒத்தைக் கையால தலைமேல பிடிச்சுக்கிட்டுப் போனான், வெயிலுக்குக் குடை மாதிரி" என்று முதலாளி கேட்பதற்கு முன்பே சொல்லி முடித்திருந்தாள். சொன்னபோது வாய்க்கு ருசியாகத்தான் இருந்தது. இப்போது ஒயர்மேன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அந்த ருசி அப்படியே கசந்துபோயிற்று.

"போலீஸுக்குப் போன் போடுறேன். நாளையிலிருந்து இந்தப் பக்கம் தலை வைக்காதே" என்றார் முதலாளி.

அக்கா முதலாளியின் பக்கத்தில் போய் நின்றாள். ஒத்தைக் கையால். குடை மாதிரி. தானே சொன்ன வார்த்தைகள்.

"முதலாளி, அந்த விளக்கு என்ன கனம் இருக்கும்?"

"எட்டுக் கிலோ. நானும் என் தம்பியும் சேர்ந்துதான் ஏத்தினோம்."

"எட்டுக் கிலோவை ஒருத்தன் குடையாப் பிடிச்சுக்கிட்டு ஆடி அசைஞ்சு போவானா? ஒரு துணிப் பண்டலைத் தூக்கினாலே எனக்கு இடுப்பு விட்டுப்போகுது. போனைக் கீழே வைங்க."

"தையலுக்கும் ஷெட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"வாய் என்னோடது. அதை நான்தான் தைக்கணும்."

ஜீப் வெளியிலேயே நின்றதற்குக் காரணம் இருந்தது. விளக்கை ஏற்றிய பிறகு வண்டியின் உயரம் ஷட்டரில் இடித்தது. அதனால் கடைசி வேலையெல்லாம் வாசலில்தான் நடந்தது. ஒன்றேகாலுக்கு முதலாளியும் டாக்டரம்மாவும் சாப்பிடப் போனார்கள். ஒயர்மேன் போனதைப் பார்த்த கையோடு அக்காவும் சாப்பிட உள்ளே போய்விட்டாள். ஒன்று முப்பத்தைந்துக்குத் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்து கால்மணி நேரம் கொட்டித் தீர்த்தது மழை. இரண்டு மணிக்குத் திரும்பியபோது விளக்கு இல்லை. ஷெட்டுக்குள் பிட்டர் வேலை பார்க்கும் முதலாளியின் தம்பி தூங்கிக்கொண்டிருந்தானாம். ஒன்றும் தெரியாதாம். அவன் டிபன் பாக்ஸ் மட்டும் பெஞ்சில் திறந்து கிடந்தது, பாதிச் சாப்பாட்டோடு.

அக்கா ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டைத் தடவினாள். தரையைத் தடவினாள். துணிக்காரி விரலுக்கு ஈரம் தப்பாது.

"டாக்டரம்மா, வண்டிக்குள்ள துடைச்சீங்களா?"

"நான் தொடவேயில்லையே."

"விளக்கை மாட்ட எத்தனை ஓட்டை போட்டீங்க?"

"போல்ட்டுக்கு நாலு, ஒயருக்கு ஒண்ணு" என்றான் ஒயர்மேன். "கூரை வேலை தம்பியோடது. பேட்டரி பக்கம்தான் நான்."

"கூரையில அஞ்சு ஓட்டை, மேலே கால்மணி நேர மழை. சீட்டு எப்படி நனையல?"

அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறினாள். நான்கு ஓட்டைகளிலும் கறுப்புப் பசை, விரலால் நீவி வழவழப்பாக அடைத்திருந்தது. ஐந்தாவதில் டேப். அதன் ஓரத்தை மெல்ல உரித்து, தகர விளிம்பைத் தொட்டாள். நறுக்கென்று விரலில் கீறியது.

"இதுல ஏதாவது போடணுமா?"

"ரப்பர் வளையம்க்கா. இல்லேன்னா ஓடுற வண்டியில தகரம் ஒயரை அரைச்சு அறுத்துடும். தீப்பிடிக்கும்" என்ற ஒயர்மேன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"அதாவது, காஜா எடுக்காத பொத்தான் ஓட்டை." அக்கா இறங்கினாள். "முதலாளி, திருடன் விளக்கைக் கழட்டினா ஓடத்தான் பார்ப்பான். மழை வரும், சீட்டு நனையும்னு ஓட்டையை அடைச்சுட்டுப் போக மாட்டான். இது வண்டி மேல அக்கறை இருக்கிற கை. தம்பி, உன் கையைக் காட்டு."

தம்பி கையை நீட்டவில்லை. சட்டைப் பைக்குள் விட்டு எடுத்தான். உள்ளங்கையில் சின்ன ரப்பர் வளையம். கட்டைவிரல் நகத்தடியில் கறுப்புப் பசை.

"சாப்பிடும்போது பை உறுத்துச்சு... இது உள்ள இருந்துச்சு. இன்னொரு தப்பு பண்ணினா ஷெட்ல இடமில்லைன்னு போன மாசம் தெருவே கேக்கச் சொன்னியேண்ணா. ரெண்டு மணிக்கு டாக்டரம்மா மலைக்குக் கிளம்பிடுவாங்க. விளக்கைக் கழட்டினதுமே இருட்டிக்கிட்டு வந்துடுச்சு, ஓட்டையை அடைச்சு விளக்கை ஒளிக்கத்தான் நேரம் இருந்துச்சு. விளக்கு இல்லேன்னா போக மாட்டாங்க, சாயங்காலத்துக்குள்ள கமுக்கமா வளையத்தைப் போட்டுடலாம்னு..." விளக்கு பின்னால் பழைய சைலன்சர் குவியலுக்கு அடியில் இருந்தது.

"ஒயர்மேன் திட்டு வாங்கினப்போ ஏண்டா வாயைத் திறக்கல?"

"திறந்தேண்ணா. சத்தம் வரல."

முதலாளி ஒயர்மேனின் தோளில் கை வைத்தார். அவன் மெதுவாக அதை எடுத்துவிட்டான். பிறகு ரப்பர் வளையத்தை வாங்கி, தானே ஓட்டையில் பொருத்தினான். நான்கு மணிக்கு ஜீப் மலையேறியது.

"மன்னிச்சுடுப்பா" என்றாள் அக்கா.

"நீங்க பார்த்ததைத்தானேக்கா சொன்னீங்க" என்றான் அவன். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த மாதமே ஒயர்மேன் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்த் தனியாகக் கடை போட்டான். கிளம்பிய அன்று மகள் செய்த அட்டைப் பாலத்தைத் தலைமேல் பிடித்தபடி ஜன்னலோரம் வந்து நின்று, "காலிதான்க்கா. வேணும்னா தட்டிப் பார்த்துக்கோங்க" என்றான். சிரித்தானா இல்லையா என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

மன்னிப்புக் கேட்கவென்று வாரா வாரம் அந்த ஊருக்குப் பஸ் ஏறிய தம்பி, மறுவருஷம் ஒயர்மேனின் தங்கையையே கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். கல்யாண ரவிக்கையைத் தைத்துக் கொடுத்தது அக்காதான். கூலி வாங்கவில்லை. நேரில் கொண்டுபோனபோது ஒயர்மேன் மனைவி ரவிக்கையை வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்க என்று மட்டும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் அக்கா மெஷினை ஜன்னலைவிட்டுச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டாள். சுவரைப் பார்த்தபடி பதினோரு நாள் தைத்தாள். பன்னிரண்டாம் நாள் அந்தச் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டினாள். தெரு அதில் இடம் வலம் மாறித் தெரிகிறதாம். அதனால் யார் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும், வாயைத் திறக்கும் முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டியிருக்கிறது.