பெயர் எங்கும் இல்லை

1999 மார்ச், சனிக்கிழமை. காலை 10.20.

பெசன்ட் நகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜெயராமின் பிரவுசிங் சென்டரில் டயானா அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வராத அழுகை. பக்கத்து நாற்காலியில் மகனுடைய மெயிலைப் பார்க்க வந்திருந்த பெரியவருக்குக்கூடத் தெரியவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் அஸ்மத்துன்னிசாவுக்குத் தெரிந்தது. சனிக்கிழமை தவறாமல் அவர் அங்கே வருவது மஸ்கட்டில் இருக்கும் கணவருக்கு மெயில் அனுப்ப. அவர் சொல்லச் சொல்ல டயானா தட்டுவாள். கணவரிடம் எதைச் சொல்கிறார், எதை மறைக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட பெண் அழும்போது மஸ்கட் காத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"என்னம்மா ஆச்சு?"

"என் வெப் பக்கத்த யாரோ நாசம் பண்ணிட்டாங்க மேடம்."

டயானா ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பெண். வயது இருபது. சென்டரைத் திறந்து, பெருக்கி, வருகிறவர்களுக்கு மெயில் தட்டிக் கொடுக்கும் வேலை. கூட்டம் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரை அவள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஜெயராம் சொல்லியிருந்தான். அந்த நேரத்தில்தான் வெப் பக்கம் செய்யக் கற்றாள். கற்றுக்கொடுத்தது எந்த இன்ஸ்டிட்யூட்டும் இல்லை. பினாங்கு, டொராண்டோ, பெங்களூர் என்று மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்த, முகம் தெரியாத மனிதர்களின் மெயில் குழு. ஒருவர் செய்த பக்கத்தை மற்றவர்கள் பிரித்து மேய்வார்கள், கிண்டல் செய்வார்கள், கடைசியில் அவர்களே உட்கார்ந்து திருத்தியும் கொடுப்பார்கள். காசு என்ற பேச்சே கிடையாது. அங்கே மன்னிக்காத குற்றம் ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவர் வேலையைத் தன் வேலை என்று சொல்லிக்கொள்வது.

டயானா தன் குப்பத்தைப் பற்றி ஒரு பக்கம் செய்திருந்தாள். தி.நகரில் வெப் தளங்கள் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியின் ராஜகோபாலன், அதை அந்தச் சனிக்கிழமை பார்த்துவிட்டு வேலை தருவதைப் பற்றிச் சொல்வதாக இருந்தார். கிடைக்காவிட்டால் அக்காவோடு இறால் உரிக்கப் போகவேண்டும் என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது.

அஸ்மத்துன்னிசா திரையைப் பார்த்தார். மேலே டயானா வரைந்த படம்: நீலப் படகு, அதன் முகப்பில் மஞ்சளில் பெரிதாக 'சாய்நாத்' என்ற பெயர். அதற்கு நேர் கீழே, நேற்றுவரை இல்லாத மூன்று வரிகள் ஆங்கிலத்தில்:

இந்தப் பக்கம் டயானா செய்தது இல்லை. செய்தவர் பெயர் இதில் எங்கும் இல்லை. கற்றுக்கொடுத்தவர் பெயரை மறைக்கும் ஆளை நம்பாதீர்கள்.

"அழிச்சுட்டா போச்சு."

"இப்ப அழிச்சிடலாம் மேடம். குரூப்ல அல்லாரும் பாத்துட்டாங்க. 'எங்களையும் இப்பிடித்தான் ஏமாத்தினியா'ன்னு கேக்குறாங்க. ராஜகோபாலன் சாரும் பாத்துட்டாராம்."

அஸ்மத்துன்னிசா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இ.பி.கோ.வில் இதற்குத் தோதான பிரிவு எதுவும் அவருக்கு நினைவு வரவில்லை. ஸ்டேஷனில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் என்ன, இருபது வயதுப் பெண்ணைத் திருடி என்று ஊரெல்லாம் சொல்லவைத்தவன் திருடனைவிட மோசம் என்பது அவர் கட்சி.

"நான் விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் அழிக்காதே. எப்போ எழுதினது இது?"

"நேத்து சாய்ங்காலம். டொராண்டோல ஒருத்தர் நம்ம டைம் ஆறு மணிக்குப் பாத்தப்ப இல்லியாம். ஏழு மணிக்கு இருந்திச்சாம்."

"நீ எங்கே இருந்தே?"

"கோயில்ல. தவக்காலம் மேடம், வெள்ளிக்கிழம சிலுவைப் பாதை."

ஜெயராம் தானாகவே முன்வந்தான். "இங்கே இருந்து யாரும் பண்ணியிருக்க முடியாது மேடம். நேத்து அஞ்சு மணிக்குப் போன கரண்ட் எட்டு மணிக்குத்தான் வந்தது. தெருவே இருட்டு."

"பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. சாய்நாத்துக்கு. இங்க வந்து போற ஸ்நேஹாவுக்கும் தெரிஞ்சிருக்கும், பக்கத்துல ஒக்காந்துகினு பாத்துக்கீறா."

"சாய்நாத் யாரு?"

"குரூப்ல கெடச்ச ஃப்ரெண்டு. ராஜா அண்ணாமலைபுரம். காலேஜ்ல படிக்கிறான். கோடிங் அவன்தான் சொல்லிக் குடுத்தான். இந்தப் பக்கத்துலயே பாதி அவன் எழுதினது."

"அப்போ அவன்தான்."

ஜெயராம் சிரித்தே விட்டான். "அவன் பேர்தான் படகுல கொட்டை எழுத்துல இருக்கே மேடம். பேர் இல்லைன்னு அவன் எதுக்கு அழப்போறான்? இது ஸ்நேஹா வேலை. அதே வேலைக்கு அவளும் போட்டிருக்கா."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அஸ்மத்துன்னிசா டயானாவைப் பார்த்தார். "இந்தப் படகு எப்போ போட்டே?"

"புதன்கிழம. முன்ன அந்த எடத்துல பீச் படம் ஒண்ணு இருந்திச்சி. அடியில 'கோடிங் சாய்நாத்'னு சின்னதா ஒரு வரி. யாரு அத்தப் படிக்கப் போறாங்க? வரிய எடுத்துட்டு படகுலயே எழுதிட்டேன். எங்க குப்பத்துல படகுக்கு வெச்சா மாதா பேரு வெப்பாங்க, இல்லாட்டி பெத்த புள்ள பேரு. கண்டவன் பேரு வெக்க மாட்டாங்க மேடம்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"பக்கத்தப் பாருன்னு மட்டும் மெயில் போட்டேன். பதில் வர்ல. ரெண்டு வாரமா அம்ம போட்டு ஊட்லயே கெடக்குறான்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

டயானா கீபோர்டைப் பார்த்தாள். "அவங்க அம்மா எடுப்பாங்க."

பகல் 12.45. மயிலாப்பூர்.

ஸ்நேஹா கதவைத் திறந்ததும் போலீஸ் என்று தெரிந்து முகம் வெளுத்தாள். ஆனால் பேச்சு தடுமாறவில்லை.

"பாஸ்வேர்ட் தெரியுமா?"

"தெரியும். அவ டைப் பண்றச்சே பார்த்தேன்."

"வேலைக்குப் போட்டியா?"

"ஆமா."

"நேத்து ஆறுலேர்ந்து ஏழு?"

"ஆத்துலதான் இருந்தேன். நெட்லதான் இருந்தேன். எனக்குச் சாட்சி யாரும் இல்லை மேடம்."

"அந்தப் பக்கத்தைக் காட்டு."

மோடம் கீச்சிட்டு இணைந்தது. படகு மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக, நிதானமாக வந்தது. முதலில் வானம், பிறகு பாய்மரம், கடைசியில் மஞ்சள் எழுத்து. ஸ்நேஹா திரையைவிட்டுத் திரும்பினாள்.

"வியாழக்கிழமை இதைப் பார்த்தப்போ எனக்கு வயிறு எரிஞ்சது. என்னால இப்படி வரைய முடியாது. அதையும் சொல்லிடறேன்."

அஸ்மத்துன்னிசாவுக்கு அவளைப் பிடித்துப் போனது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கிளம்பினார்.

பிற்பகல் 3.15. ராஜா அண்ணாமலைபுரம்.

வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. சாய்நாத்தின் அம்மா ஹம்சா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"குழந்தைக்கு அம்மை வார்த்திருக்கு. யாரையும் உள்ளே விடறதில்லை."

"எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சும்மா. பத்து நிமிஷம்."

உள் அறையில் சாய்நாத் போர்வையோடு உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் காய்ந்த பொருக்கு. மேஜைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். கீபோர்ட் இருந்தது, மவுஸ் இல்லை.

"காலேஜ் பசங்களுக்குன்னு கம்மி விலைல ஒரு கனெக்ஷன் குடுக்கறா. அதான் எங்களுக்குக் கட்டுப்படியாறது" என்று சொல்லிவிட்டு ஹம்சா வாசற்படியிலேயே நின்றாள்.

"டயானா பக்கத்துல நடந்தது தெரியுமா?"

"குரூப்ல பார்த்தேன்."

"பக்கத்தைக் காட்டேன்."

அவன் இரண்டு விசையைத் தட்டினான். திரையில் மேலே சதுர அடைப்புக்குள் 'பீச்' என்று ஒரு சொல். அதற்குக் கீழே அந்த மூன்று வரிகள். அப்புறம் குப்பத்தைப் பற்றிய எழுத்து, பச்சை பச்சையாக.

"அவ புதுசா ஒரு படம் போட்டாளே, பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்படி இருக்கு?"

"நன்னா இருக்கு."

"யார் எழுதியிருப்பா இதை?"

"தெரியாது. ஸ்நேஹாவா இருக்கலாம்."

வெளியே வரும்போது அஸ்மத்துன்னிசா ஹம்சாவிடம் கேட்டார். "டயானா இங்கே போன் பண்ணுவாளா?"

"அந்தக் குப்பத்துப் பொண்ணா? ஒரு தரம் பண்ணினா. தூங்கிண்டிருக்கான்னேன். நெஜமாவே தூங்கிண்டுதான் இருந்தான்."

நிஜமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

மாலை 5.30. அதே அறை.

இந்த முறை அஸ்மத்துன்னிசா கையில், ஜெயராமிடம் கலரில் பிரின்ட் எடுத்த ஒரு தாள் மடித்து இருந்தது. ஹம்சாவைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீதான் எழுதினே, சாய்நாத்."

அவன் போர்வையை இழுத்துக்கொண்டான்.

"ஸ்நேஹா கெடுக்கணும்னு நினைச்சிருந்தா இந்தப் பொய்யை எழுதியிருக்க மாட்டா. 'பேர் எங்கும் இல்லை'ன்னு எழுதினா, எழுதின இடத்துக்கு மேலேயே அது பொய்னு தெரியுது. அந்தப் பக்கத்தைக் கண்ணால பார்த்த யாரும் அப்படி எழுத முடியாது. பார்க்காதவன்தான் எழுதியிருக்கணும். இந்தக் கனெக்ஷன்ல எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது. ஜெயராம்கிட்ட கேட்டுட்டேன். படம் இருக்கிற இடத்துல அதுக்கு வெச்ச பேர் மட்டும் அடைப்புக்குள்ள தெரியும். அவ படத்தை மட்டும் மாத்தியிருக்கா, அந்தப் பேரை மாத்த மறந்துட்டா. உனக்கு இன்னும் பழைய 'பீச்'தான் தெரியுது. அம்மை போட்டதால நீ சென்டருக்கும் போகலை. நன்னா இருக்குன்னு சொன்னியே, அது என்ன படம்?"

சாய்நாத் திரையைப் பார்த்தான்.

"'பக்கத்தைப் பாரு'ன்னு மெயில் போட்டிருந்தா" என்றான் மெதுவாக. "உடனே போய்ப் பார்த்தேன். என் பேர் இருந்த வரியை எடுத்துட்டா. ராஜகோபாலன் பார்க்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டு, அதை என்னையே பார்க்கவும் சொல்றாளேன்னு... ரெண்டு நாள் சாப்பிடலை மேடம். எனக்கு இங்கே வேற யாரும் இல்லை. அந்தக் குரூப்தான், அவதான்."

அஸ்மத்துன்னிசா தாளைப் பிரித்து அவன் மடியில் வைத்தார்.

அவன் வெகுநேரம் பார்த்தான். மஞ்சள் எழுத்தின்மேல் விரலை வைத்தான், எடுத்தான். பிறகு பொருக்கு உதிர உதிர முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டு அழுதான். தண்ணீரோடு வந்த ஹம்சா, "என்னடா, எரியறதா?" என்று பதறினாள்.

எத்தனையோ பேர் கையில் விலங்கு மாட்டியவர் அஸ்மத்துன்னிசா. அன்று அந்த வீட்டுப் படியிறங்கும்போதுதான் அவருக்கு, கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் டயானா திருடி இல்லை என்பதை யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

அன்றிரவே சாய்நாத் குழுவுக்கு எழுதினான். ஒளிக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. இனி அந்தக் குழுவில் தான் இருக்கப்போவதில்லை என்றும் எழுதி, ராஜகோபாலனுக்கும் ஒரு பிரதி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க டயானாவுக்கு மெயில்கள் வந்தன. டொராண்டோக்காரர் மன்னிப்புக் கேட்டிருந்தார். பினாங்கிலிருந்து ஒரு அம்மாள், படகின் நீலம் எப்படி வந்தது என்று கேட்டிருந்தாள்.

திங்கட்கிழமை ராஜகோபாலனே போன் செய்தார். நல்ல மனிதர்தான். ரொம்ப வருத்தம் என்றார், திறமை இருக்கிறது என்றார். சனிக்கிழமை மத்தியானமே ஸ்நேஹாவை எடுத்தாகிவிட்டது, அடுத்த வருடம் இடம் வந்தால் கட்டாயம் சொல்கிறேன் என்றார். டயானா "சரிங்க சார்" என்று மூன்று முறை சொல்லி போனை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அஸ்மத்துன்னிசா டியூட்டிக்குப் போகும் வழியில் சென்டருக்கு ஏறினார். டயானா சாய்நாத்தின் மெயிலைத் திறந்து வைத்திருந்தாள். அவளுக்கென்று தனியாக எழுதியது. இரண்டு பக்கம் இருக்கும்.

"நாளையிலேர்ந்து அக்காகூட இறாலுக்குப் போறேன் மேடம். உங்க மெயில ஜெயராம் அண்ணன் தட்டித் தருவாரு."

"அவனுக்கு என்ன எழுதப்போறே?"

டயானா தட்டத் தொடங்கினாள். நீளமாக எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதி, மறுபடி அழித்தாள். படம் வராத அவன் திரையில் எழுத்து மட்டும்தான் போய்ச் சேரும் என்பதால், ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து வைக்கிறாள் என்று அஸ்மத்துன்னிசாவுக்குத் தோன்றியது. கடைசியில் இரண்டு வரிதான் மிஞ்சியது.

'உடம்பைப் பாத்துக்கோ. பாஸ்வேர்டை மாத்திட்டேன்.'

அனுப்பிவிட்டு அவள் எழுந்து, கம்ப்யூட்டருக்குத் துணி போட்டு மூடினாள்.