மைக்கின் முன்பக்கம்

1987ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் பின்னறையில் இருந்தவர்கள் மூவர்: ஓய்வுபெற்ற ரயில்வே தலைமை எழுத்தர் சிவகுருநாதன், அவருடைய மகள் சிவமலர், கடையிலிருந்து இரண்டு மைக்குகளைச் சோதித்துக் காட்டக் கொண்டுவந்த பாலன். நான்காவதாக ஒருவர் மூச்சு விட்டதை முதலில் கேட்டவர் சிவகுருநாதன்.

கோயில் கும்பாபிஷேகத்துக்கு மலர் பாடும் தேவார கேசட் வெளிவர வேண்டும். அட்டையில் குடும்பப் பெயர் இருக்கும். அதற்காகவே அவர் ஜன்னலைப் பலகையால் அடைத்து, பின்கதவின் மேல் பஞ்சு மெத்தையை அறைந்து, சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார். வெளியே மழை கொட்டியது, ரயில் போனது. உள்ளே எதுவும் கேட்கவில்லை. பசையின் புளித்த வாடையும் பழம்பஞ்சின் புழுங்கலும் இருந்தன. அவற்றுக்கு அடியில், நனைந்த பருத்திச் சேலையின் வாடை. அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் புரியவில்லை.

முதல் மைக்கில் குரல் சற்று மந்தமாகக் கேட்டது, அவ்வளவுதான். பாலன் விலை கூடியதைத் தாங்கியில் பொருத்தி, அதன் முன்னால் கம்பி வளையத்தில் இழுத்துக் கட்டிய நைலான் துணியை வைத்தான்.

"இது பொல்லாத மைக், அங்கிள். தங்கச்சி வயித்துல இட்லி கரையுற சத்தத்தைக்கூட புடிச்சிரும் லா."

"நான் காலமை புட்டுத்தான் சாப்பிட்டனான்," என்றாள் மலர்.

மெத்தைக்கு முதுகு காட்டி நின்று பாடினாள். நாடாவைத் திருப்பிக் கேட்டபோது, இரண்டு அடிகளுக்கு நடுவில், அவள் வாய் மூடியிருந்த இடத்தில், ஒரு மூச்சு. பாடப்போகிறவள் விசுக்கென்று இழுக்கும் மூச்சு.

"அது நான் இல்லை, அப்பா."

"மைக்குக்குப் பின்னாலை ஏதும் சத்தமாயிருக்கும்," என்றார்.

"இல்ல அங்கிள், பின்பக்கம் இதுக்குக் காது கேக்காது. முன்னால நிக்கிற ஆளைத்தான் எடுக்கும்."

அந்த மூச்சு அவருக்குத் தெரியும். அவருடைய தங்கை குணபூசணி பாடுமுன் அப்படித்தான் இழுப்பாள். முப்பது ஆண்டுகளுக்கு முன், தோட்டத்து லோரி ஓட்டுநரோடு கிள்ளானுக்கு ஓடிப்போனவள். யாழ்ப்பாணத்தில் காய்ச்சலில் இறந்தாள் என்று ஊருக்குச் சொல்லி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்தார் சிவகுருநாதன். உயிரோடிருந்தவளுக்குப் பிண்டம் வைத்தார். மறுவாரம் அவள் வந்தாள். இதே பின்கதவுக்கு வெளியே மழையில் நின்று, "அண்ணை, நான் சாகேல்லை," என்று இருட்டும்வரை கூப்பிட்டாள். அவர் உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றார். பிறகு தகவல் இல்லை.

மலருக்கு இது தெரியாது. பாலன் கேட்டால் ஊரே கேட்கும்.

"ஹெட்போனை என்னட்டைத் தா. ரெண்டு பேரும் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ."

கதவு மூடியது. நாடா ஓடவில்லை, மைக் மட்டும் இயங்கியது. அவர் காதில் மாட்டிக்கொண்டார்.

மழை.

அந்த அறைக்குள் கேட்கவே முடியாத மழை. சேலை முந்தானையிலிருந்து சொட்டும் நீர். ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று. மெத்தையின் பக்கமிருந்து மைக்கை நோக்கி.

நின்றது.

வளையத்துத் துணி மைக்கின் பக்கம் மெல்லப் புடைத்தது. தளர்ந்தது. மறுபடி புடைத்தது.

"அண்ணை."

"எல்லாம் முறைப்படி செய்தனான்," என்றார். உதடு மட்டும் அசைந்தது. "நீ செத்தாச்சு."

"ஓம், அண்ணை. திறவுங்கோ."

சிவகுருநாதன் கஞ்சத்தனத்தால் விலை கூடிய மைக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். திரும்பிப் போனது மலிவானது. மற்றதை இன்னொரு வீட்டில் பேச விட அவர் சம்மதிக்கவில்லை. வயரைப் பிடுங்கி, அறையைப் பூட்டி, சாவியைத் தம்மிடமே வைத்திருக்கிறார். தினமும் காலையில் தனியே திறந்து பார்க்கிறார். வளையத்துத் துணியின் நடுவில், ஒரு வாயளவுக்கு, ஈரம்.